இக்கித்தோஸ் நகரமும் இரு கலைப்படைப்புகளும்

பெரு தேசத்தின் வடகிழக்கிலே, அமேசன் நதிக்கரையில் அமைந்த இக்கித்தோஸ் நகருக்கு நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து இன்றும் தரைவழிப் பாதை கிடையாது. ஆற்றுவழியாகவோ ஆகாயவழியாகவோதான் அங்கே போய்ச் சேரவேண்டும். 1864இல் பெருவியக் கடற்படையின் நீராவிக் கப்பல்கள் வந்ததன் பின்னர் அது துறைமுகமாயிற்று; காட்டு றப்பர் அதனைச் செல்வர் நகராக்கிற்று. அச்செல்வத்தின் எச்சமாக நிற்பவை ஐரோப்பிய ஓடு பதித்த மாளிகைகளும் இரும்புத் தகடுகளாலான வீடொன்றுமாம். உல்லாசப் பிரயாணிகள் அவற்றைக் கண்டு, ஊரின் வரலாற்றையே கண்டுவிட்டதாக எண்ணித் திரும்புகின்றனர்.

இவ்வெண்ணம் பரவியதற்கு ஒரு திரைப்படமும் காரணமாகும். ஜேர்மானிய நெறியாளர் வேர்னர் ஹேர்ட்சோக்கின் ‘பிட்ஸ்கறால்டோ’ 1982இல் வெளிவந்து, கேன்ஸ் விழாவிற் சிறந்த நெறியாள்கைக்கான பரிசையும் பெற்றது. இக்கித்தோசில் இசைநாடக அரங்கொன்று கட்டக் கனவு காணும் ஐரிஷ்காரன் ஒருவன், அதற்குப் பணந்தேடி றப்பர்க் காட்டுக்குப் புறப்படுகிறான். ஆதிக்குடிகளைக் கொண்டு ஒரு நீராவிக் கப்பலை முழுமையாக மலைமீது இழுப்பித்து மறுபுறத்து ஆற்றில் இறக்குகிறான். காட்சியின் வலிமையை நாம் மறுக்கவில்லை. சேற்றிலே கப்பல் மெல்ல மெல்ல ஏறும்போது பார்ப்பவன் மூச்சடக்கி இருக்கிறான். ஆனால் அவன் மூச்சடக்குவது கப்பலின் சொந்தக்காரனுக்காக. இழுப்போருக்கும் படத்தில் ஒரு நோக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது ஆற்றின் தெய்வங்களைச் சாந்திசெய்வது. கூலியும் கடனும் சவுக்கும் அக்கதையை நடத்துவனவாயில்லை.

வரலாற்றில் வாழ்ந்த கார்லோஸ் பெர்மின் பிட்ஸ்கறால்ட் ஒரு றப்பர் முதலாளி. 1894இல் அவன் கப்பலைக் கழற்றிப் பகுதி பகுதியாகவே சுமப்பித்தான். அதே ஆண்டில் மானு ஆற்றின் மேற்பகுதியில் மாஷ்கோ மக்களைக் கொன்று குவித்தோரும் அவனுடைய ஆட்களே. கலைஞன் வரலாற்றை மாற்றலாகாது என்று நாம் சொல்லவில்லை. எதை மாற்றினான், அதனால் யார் மறைந்தனர் என்று கேட்பது விமரிசகன் கடமையாகும்.

அப்படத்துக்கு 58 ஆண்டுகள் முன்னரே, 1924இல், கொலம்பியரான ஹொசே யூஸ்தாசியோ றிவேறா ‘லா வொறாஹினே’ என்னும் நாவலை எழுதியிருந்தார். ‘நீர்ச்சுழி’ என்பது அதன் பொருள். எல்லை நிர்ணயக் குழுவில் அங்கம் வகித்துக் காட்டை நேரிற் கண்ட வழக்கறிஞர் அவர். அவருடைய கிளெமெந்தே சில்வா, மகனைத் தேடிவந்து கடனிற் சிக்கிய கிழவன். பிரெஞ்சு ஆய்வாளன் ஒருவன் கீறுண்ட றப்பர் மரத்தையும் சில்வாவின் தழும்பேறிய முதுகையும் அடுத்தடுத்துப் படம்பிடிக்கும் இடம் நாவலின் உயிர்நாடி. அதனினும் கொடியது மற்றோரிடம். களவாக வந்த பத்திரிகையொன்றைத் தொழிலாளர் கூடி வாசிக்கின்றனர். அகப்பட்டதும், வாசித்தவனின் கண்ணிமைகள் தைக்கப்படுகின்றன. கேட்டவர்களின் காதுகளிற் சூடான மெழுகு ஊற்றப்படுகிறது.

அப்பத்திரிகை கற்பனையன்று. 1907இல் இக்கித்தோசில் பெஞ்சமின் சல்தாஞா றொக்கா என்பார் ‘லா சன்சியோன்’, ‘லா பெல்ப்பா’ என்னும் இரு ஏடுகளை நடத்தினார். புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் ஹூலியோ சேசர் அறானாவின் கம்பனி, ஹுயித்தோத்தோ, போறா முதலிய இனத்தவர்க்கு இழைத்த சித்திரவதைகளை அவை அம்பலப்படுத்தின. அவர் நீதிமன்றத்திலும் முறையிட்டார். மன்று அசையவில்லை, அவர்தாம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். அவ்வாண்டிலேயே அறானாவின் கம்பனி இலண்டனிற் பதிவாயிற்று. அமெரிக்கரான ஹாடன்பேர்க் 1909இல் இலண்டன் ஏடொன்றில் எழுதி, றொஜர் கேஸ்மென்ற் 1910இல் நேரிற் சென்று விசாரித்து, அவரது அறிக்கை 1912இல் வெளியான பின்னரே ஐரோப்பா திடுக்கிட்டது. கேஸ்மென்றை நாயகனாக்கி மாறியோ வார்காஸ் யோசா 2010இல் நாவலொன்றும் எழுதினார். சல்தாஞாவை அறிந்தவர் சிலரே. சிற்றேடு நடத்துவோர் நிலை எங்கும் இதுதான் போலும்!

இக்கித்தோசின் செழிப்பை ஒழித்தது அவ்வறிக்கையன்று, சந்தையே. 1876இல் ஹென்றி விக்கம் அமேசனிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 வித்துக்களுள் முளைத்தவற்றிற் பெரும்பகுதி இலங்கைக்கே அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. ஆசியத் தோட்டங்களின் மலிவான றப்பர் காட்டு றப்பரை வென்றது. அம்மலிவுக்கு உழைத்த தென்னிந்தியத் தொழிலாளியும் 1921 வரை ‘துண்டு’ முறையினாற் கடனிற் கட்டுண்டிருந்தவனே. புத்துமாயோவின் கொலைக்களமும் நம் தோட்டங்களும் ஒன்றல்ல. ஆயினும் கடன்கணக்கே ஈரிடத்தும் விலங்காயிற்று.

றிவேறாவிடமும் குறையுண்டு. கதைசொல்லியான கவிஞன் ஆர்த்துறோ கோவா தன் காதலையும் ஆவேசத்தையும் பெரிதாக்கிப் பல பக்கங்களை விழுங்கிவிடுகிறான். கடனாளித் தொழிலாளிக்கு வாய் கொடுத்த அந்நூலிலே ஆதிக்குடிகள் பெரும்பாலும் நிழல்களாகவே நடமாடுகின்றனர். அறானா கம்பனியின் பிரதான நிலையங்களுள் ஒன்றான லா சொறேறா இன்று கொலம்பியாவுக்குரியது. 2012இல் அந்நாட்டுச் சனாதிபதி அம்மக்களிடம் அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார். அங்கிருந்த கம்பனி வீட்டிலே பின்னர் அவர்களுடைய பிள்ளைகளுக்கான பாடசாலை அமைந்தது.