மாசித் தேனின் மழைக்காலம்

தேனீ வளர்ப்பைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாசியில்தான் குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பக்கம் வருகிறார்கள். ரப்பர்த் தோட்டமெங்கும் பெட்டிகள் இரைந்துகொண்டிருக்கும், வாளிகள் நிறையும். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தக் கைத்திறனை ருசித்துப் பார்க்க விரும்புகிறவர் ஐப்பசியில் வர வேண்டும். மழை ஊற்றும் நாளில், வெளியிலிருந்து ஒரு துளித் தேனும் வராதபோது, ஒரு குடும்பம் தன் பெட்டிகளை எப்படிக் காக்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் முழு அழகும் இருக்கிறது.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்த்து நின்ற மரம் தை மாதவாக்கில் செம்பு நிறத்தில் தளிர்க்கும். மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் பச்சையாகி முற்றும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் கசியும். சில வாரங்களில் அது வற்றிவிடும். ஆண்டு முழுவதற்குமான வருமானம் அந்தச் சில வாரங்களில்தான்.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறக்குறைய 20 நாளாகும். வெளிவந்ததும் அது பறந்து போய்விடாது. அறை துடைப்பது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது, வாசல் காப்பது என்று இன்னும் இரண்டு மூன்று வாரம் வீட்டு வேலை இருக்கிறது. ஆகவே மாசியில் தேன் சேர்க்கப் போகும் ஈ, மார்கழி முடிவதற்குள் முட்டையாக விழுந்திருக்க வேண்டும். உணவு வந்தால்தான் ராணி முட்டையிடும். அந்த நேரத்திலோ தோட்டத்தில் உணவு இல்லை.

அதனால் சர்க்கரைப் பாகு கொடுக்கிறார்கள். சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பதும் பொழுது சாயும் நேரத்தில் வைப்பதும் பக்கத்துப் பெட்டி ஈக்கள் மோப்பம் பிடித்துக் கொள்ளையடிக்க வராமலிருக்கத்தான். பாகு குறைந்தால் கூட்டம் மெலியும், மெழுகு அந்து அடைக்குள் புகுந்துவிடும். இங்கே வளர்க்கும் இந்தியத் தேனீயோ பட்டினியைப் பொறுக்காமல் பெட்டியையே விட்டுப் போய்விடும். பாகு மிஞ்சினால் கூட்டம் காலத்துக்கு முன்பே பெருகி, பழைய ராணியோடு பாதி ஈக்கள் பிரிந்து பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அந்தக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தித் தளிர் முற்றும் வாரத்தில் அதன் முழு பலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தை முடித்துச் சரியான இடத்தில் பல்லவியைப் பிடிக்கும் மிருதங்கக்காரரின் கணக்குத்தான் இது.

பெட்டி பார்க்கும் கை அவசரப்படாது. மூடியைச் சத்தமில்லாமல் தூக்கி, லேசாகப் புகை காட்டி, அடை கட்டிய சட்டத்தைச் செங்குத்தாக உயர்த்தும். கண் தேனைத் தேடாது, புழு அறைகளைத் தேடும். மூடிய அறைகள் இடைவெளி விடாமல் பரவியிருந்தால் ராணி நன்றாக இருக்கிறது. நடுவில் ஊசித்துளை போட்ட கூம்பு மூடிகள் ஆண் ஈக்களின் அறைகள். அடையின் கீழ் விளிம்பில் கடலைக்காய் போலத் தொங்குவது புது ராணிக்கான அறை, கூட்டம் பிரியப்போவதன் அடையாளம். அதைப் பார்த்துவிட்டால் அன்றே முடிவெடுக்க வேண்டும்: கூட்டத்தைப் பிரித்து இன்னொரு பெட்டி ஆக்குவதா, அறையைக் கிள்ளிவிடுவதா?

அடைக்கு ஊறு செய்யாமல் இப்படி எடுத்துப் பார்க்க முடிவதே ஒரு நுட்பமான கண்டுபிடிப்பின் பயன். ஈக்கள் நடமாட மட்டும் போதுமான இடைவெளி விட்டால் அவை அங்கே அடை கட்டுவதில்லை என்பதை 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் பெட்டி செய்யப் பயன்படுத்தினார். அந்தப் பெட்டி நம் சிறிய ஈக்குப் பெரிது. இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியை 1910களில் திருச்சியில் பணியாற்றிய இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுமலர்ச்சி மையம் தேனீ வளர்ப்பை ஏழைக் குடும்பங்களின் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தது.

தேன் எடுப்பிலும் நல்ல கை தனியாகத் தெரியும். ரப்பர்த் தேன் இயல்பிலேயே நீர்த்தது. ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் புளிக்க ஆரம்பிக்கும். அதனால் பெரும்பகுதி அறைகளை ஈக்களே மெழுகால் மூடும்வரை காத்திருக்கிறவர் தேனை நான் நம்பி வாங்குவேன். பெட்டியின் மேல்தட்டுச் சட்டத்தை மட்டும் எடுத்து, மெழுகு மூடியைச் சீவி, கையால் சுற்றும் இயந்திரத்தில் பிரித்து, வெறும் அடையைத் திரும்ப வைப்பார். கீழே குஞ்சுகளுக்குள்ள தேனைத் தொடமாட்டார்.

இந்த வேலையைச் செய்யக் கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் எந்தப் பெட்டி ராணி சென்ற ஆண்டு சோர்ந்தது, எந்தக் கூட்டம் நோயைத் தாங்கியது என்ற நினைவு, ஆண்டு முழுவதும் அவற்றோடு வாழும் வீட்டாருக்குத்தான் இருக்கும். 1991-92இல் புழுக்களை நீர்ப்பை போல ஊதவைத்துக் கொல்லும் வைரஸ் நோய் தென் கேரளத்திலும் குமரியிலும் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. மருந்து கிடையாது. தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்து பிரித்தும், மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் இருந்தவற்றைப் பிடித்து வந்தும் மறுபடி பெருக்கினார்கள். எந்தக் கூட்டத்திலிருந்து பிரிப்பது என்று ஒவ்வொரு ஆண்டும் தீர்மானிப்பது அந்த நினைவுதான். தேன் விற்றுத் தீர்ந்துவிடும். இன்றைக்கு இந்தத் தோட்டங்களில் பறக்கும் ஈக்களே இக்குடும்பங்களின் ஆகப் பெரிய படைப்பு என்பேன்.