ரிலே தீர்ப்பதும் தீர்க்காததும்

பைக்கில் கூடுதல் விளக்கு மாட்டுவதை வெறும் பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டியபின் ஏறினால் தெரியும்: திருப்பத்தில் ஹெட்லைட் எதிரே உள்ள பள்ளத்தைக் காட்டுமே தவிர, வண்டி போகப்போகும் சாலையைக் காட்டாது. அகலமாகப் பரவும் இரண்டு சிறு விளக்குகள் அங்கே பெரிய துணை. தேவை நியாயமானது, மாட்டும் விதத்தில்தான் கோளாறு.

ஹெட்லைட் ஒயரைச் சீவி, புது ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவது மோசமான வழி. 55 வாட் ஹாலோஜன் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். ஹெட்லைட்டின் சொந்தச் சுமையோடு இதுவும் அதே மெல்லிய ஒயரில் ஓடினால் ஸ்விட்ச் முனைகள் கருகும், ஹோல்டர் பழுப்பேறி இளகும். வழியிலேயே வோல்டேஜ் விழுவதால் பழைய ஹெட்லைட்டும் மங்கும்.

இதற்கு ரிலே சரியான மருந்து. பேட்டரியிலிருந்து 30ஆம் முனைக்குத் தனி லைன், 87இலிருந்து விளக்குக்கு. 85, 86 முனைகளை இயக்க ஸ்விட்ச் வழியே சொற்ப மின்சாரம் போதும். பியூஸ் மட்டும் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பலர் அதை விளக்குப் பக்கம் வைக்கிறார்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ஒயர் உரசி பிரேமைத் தொட்டால், அந்த பியூஸுக்குச் செய்தியே போகாது.

ஆனால் ‘ரிலே போட்டாச்சு, இனி கவலையில்லை’ என்பது பாதி உண்மைதான். ரிலே ஒயரைக் காக்கும், மின்சாரம் உண்டாக்காது. உண்டாக்குவது மேக்னட் காயில். ‘அந்த காயிலின் மிச்ச மின்சாரத்தை ரெகுலேட்டர் எப்படியும் சூடாக்கித்தானே வீணடிக்கிறது’ என்ற வாதம் பல வண்டிகளுக்குப் பொருந்தும். மிச்சம் இருக்கும்வரை. எஞ்சின் ஐடிலில் துடிக்கும்போது அது சுருங்கிவிடும். சிக்னலில் நிற்கும் வண்டியின் பேட்டரி கரைவது அப்படித்தான். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் காயிலிலிருந்து நேராக ஏசியில் எரியும். பேட்டரிக்கோ சிறு பங்குதான் சார்ஜ். 2.5 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள அப்படியொரு வண்டியில் ஹாலோஜன் ஜோடியைப் பேட்டரியிலிருந்து எரிப்பது என் கணக்கில் அபத்தம். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைத்து ஈடுகட்டவும் வழியில்லை. எஞ்சின் ஓடினாலே அது எரியும்.

எல்இடி இந்தச் சிக்கலைப் பெருமளவு தளர்த்தியது. தலா 20 வாட் ஜோடிக்கு மூன்று ஆம்பியர் சொச்சம்தான். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்டை மட்டும் நம்ப வேண்டாம், மல்டிமீட்டரை நம்பலாம். எல்லா விளக்கும் எரியும்போது சற்றே ரேஸ் கொடுத்து பேட்டரி முனைகளில் பார்த்தால் 13.5 வோல்ட்டுக்கு மேல் நிற்பது நல்லது. அப்போதும் 12.6ஐத் தாண்டவில்லை என்றால் வண்டி கடனில் ஓடுகிறது.

எல்இடியால் வந்த புதுத் தொல்லை, எதிரே வருபவரின் கண். தொலைவுக்கு வீசும் விளக்கானால் ரிலேயின் சிக்னலை ஹைபீம் லைனிலிருந்து எடுப்பதே முறை. டிம் செய்ததும் கூடுதல் விளக்கும் அணையும். சாவியை எடுத்தபின் மறந்துபோய் எரியவும் எரியாது. பனிமூட்டத்துக்கென மாட்டியவர்கள் இக்னிஷன் லைனைப் பிடித்து, விளக்கைத் தரை நோக்கிச் சாய்த்துக்கொள்ளட்டும்.