சோப்பு வாங்கிக் கொடுத்தவன் எங்கே?

மலாவி கிராமங்களில் எய்ட்ஸ் பரவியது குறித்து ஆன் ஸ்விட்லரும் சூசன் வாட்கின்ஸும் 2007இல் எழுதிய கட்டுரையை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். காதலனிடம் சோப்பும் துணியும் கைச்செலவுக்குக் காசும் வாங்குகிற பெண்ணை உடனே ‘தொழில் செய்பவள்’ என்று எழுதிவிடும் சோம்பேறித்தனத்தை அது மறுத்தது. அங்கே கொடுப்பதுதான் அன்பின் அடையாளம். ஒன்றுமே கொடுக்காதவன் அவளை மதிக்காதவன். இல்லாதவர் இருப்பவரை அண்டிப் பிழைக்கும் பெரிய வலையில் இந்த உறவும் ஓர் இழை என்கிறார்கள். சரிதான்.

ஆனால் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் படுக்கை மறந்துபோகிறது. கொடுப்பவன் பெரும்பாலும் வயதில் மூத்தவன். அவன் உடலில் வைரஸ் இருக்கும் வாய்ப்பு அவள் வயதுப் பையனைவிட அதிகம். ஆணுறை கேட்டால், ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்பான். இல்லையென்றால் வேறொருத்தியைத் தேடிப் போவான். சோப்பும் அவனோடு போய்விடும். அன்பென்றாலும் பேரமென்றாலும் அந்த நேரத்தில் முடிவு அவன் கையில்.

அந்தக் காசை வேறு வழியில் அவளுக்குக் கொடுத்தால்? மலாவியின் ஸோம்பா மாவட்டத்தில் சாரா பேர்ட் குழுவினர் 2008, 2009 ஆண்டுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 13 முதல் 22 வயதுவரையுள்ள, திருமணமாகாத பெண்கள். மாதம் 1 முதல் 5 டாலர் பெண்ணின் கையில்; அவள் வீட்டுக்குத் தனியாக ஒரு தொகை. ஒன்றரை ஆண்டு கழித்துச் சோதித்தபோது, தொடக்கத்தில் பள்ளியில் இருந்தவர்களில் பணம் பெற்றவர்களிடையே எச்.ஐ.வி. 1.2 சதவீதம், பெறாதவர்களிடையே 3.0. பள்ளிக்குப் போனால்தான் பணம் என்ற நிபந்தனை இருந்ததா இல்லையா என்பது தொற்று விஷயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காட்டவில்லை. ஒழுக்க போதனை விற்பவர்கள் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும்.

பாராட்டிய பலர் அடுத்த பத்தியைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். முன்பே பள்ளியை விட்டு நின்றிருந்த பெண்களிடம் இப்படி எந்தப் பலனும் தெரியவில்லை. அதாவது, யாருக்கு அந்தச் சோப்பு மிகவும் தேவையோ அவர்களுக்கு இந்தப் பணம் போதவில்லை. 2009 முடிவில் பணம் நின்றது. நிபந்தனையின்றிப் பெற்றவர்களிடம் கண்ட நன்மைகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் கரைந்துபோனதாக அதே குழுவினர் பின்னர் எழுதினார்கள். வறுமைக்கு இரண்டு வருட விடுப்பு கொடுத்தது போல.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ரத்தம் எடுத்தது பெண்களிடம். யாரோடு, எத்தனை முறை, ஆணுறையோடா என்று கேட்டதும் பெண்களிடம். அந்த ஆண்கள் ஆய்வுக்குள் வருவது அவள் சொல்லும் பதிலில் ஒரு வயதாக மட்டும்: 25க்கு மேலா, கீழா. அதற்குமேல் அவனைப் பற்றி அட்டவணையில் எதுவும் இல்லை.