டேங்க் ஃபுல் கணக்கில் விட்டுப்போன மூட்டைகள்

பங்க்கில் டீசல் பிடிக்கும் விதத்தை வைத்தே அந்த லோடு வண்டி யாருடையது என்று சொல்லிவிடலாம். சம்பளத்துக்கு ஓட்டுபவர் "ஐந்நூறுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொள்வார். சொந்த வண்டிக்காரர் இறங்கி வந்து மூடியைத் தானே திறப்பார். நாசில் ‘டக்’கென்று நின்ற பிறகும் விடமாட்டார். நுரை அடங்கும்வரை காத்திருந்து, பாடியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறியதும் கழுத்துவரை நிரப்பச் சொல்வார். பிறகு கேபினில் ஏறி, சன் வைசரில் செருகியிருக்கும் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை எழுதுவார். அடுத்த முறை அதே பங்க்கில் அதே கழுத்து அளவுக்கு நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அதுதான் இடைப்பட்ட ஓட்டத்துக்குச் செலவான டீசல். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைத்துவிடும்.

இதுதான் டேங்க் ஃபுல் கணக்கு. மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை, செஞ்சி வட்டாரத்தில் குட்டி யானை, பிக்கப், தோஸ்த், நானூத்தி ஏழு என எந்த வண்டி வைத்திருப்பவரும் நம்புகிற அளவுகோல் இது. டீக்கடையில் இரண்டு வண்டிக்காரர்கள் சந்தித்தால் முதல் கேள்வி: "அண்ணே, வண்டி என்னா குடுக்குது?" பதிலும் ஒற்றை எண்ணாகவே வரும்: "பதினாலு. நிதானமா ஓட்டுனா பதினஞ்சு." அந்த எண்ணை நம்பித்தான் அடுத்தவர் ஃபைனான்ஸ் வாங்குகிறார், பழைய வண்டிக்கு விலை பேசுகிறார், டிரைவரைச் சந்தேகப்படுகிறார். இவ்வளவு முடிவுகளை ஓர் எண் தாங்குமா என்பதே இங்கே கேள்வி.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கு நேர்மையானது. டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், அளந்து ஊற்றிய டீசலை மட்டுமே நம்புகிறது. கனரக லாரிகளுக்கு அரசு வகுத்த எரிபொருள் சிக்கன விதிகளில் மணிக்கு 40, 60 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. ஊர்ச் சாலையில் சீரான வேகம் ஏது? வேகத்தடை, நெல் காயப்போட்ட தார்ச்சாலை, குறுக்கே வரும் ஆட்டு மந்தை, மேல்மலையனூர் அமாவாசை நெரிசல் எல்லாவற்றையும் உள்ளடக்கிய எண் காலண்டர் தாளில்தான் கிடைக்கும். செலவும் இல்லை, கருவியும் வேண்டாம்.

இன்னொரு பலம், இது வண்டிக்கு நாடி பார்ப்பது போல. பதினான்கு கொடுத்த வண்டி திடீரென்று பன்னிரண்டுக்கு இறங்கினால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பிரேக் பிடித்தபடி இருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம். வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே எண் முந்திக்கொண்டு சொல்லிவிடும். ஒரே வண்டியை அதனோடே ஒப்பிடும்வரை டேங்க் ஃபுல் கணக்கு அருமையான கருவி.

இந்த எண் மீதான பிடிப்புக்கு டீசல் விலையும் காரணம். 2013 ஜனவரியில் மாதம் 50 காசு என்று ஏறத் தொடங்கிய விலை 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டது. 2017 ஜூனில் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது. 2021 அக்டோபரில் சென்னையிலேயே டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. வாடகை அந்த வேகத்தில் ஏறவில்லை. வண்டிக்காரரின் கையில் இருந்த ஒரே திருகு மைலேஜ்தான். அதை அவர் இறுகப் பிடித்ததில் தப்பில்லை.

பிழை, ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடும்போது தொடங்குகிறது. காலண்டர் தாளில் கிலோமீட்டர் இருக்கிறது, லிட்டர் இருக்கிறது. லோடு எங்கே?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு 40 மூட்டை நெல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 75 கிலோ; மொத்தம் 3 டன். போக வர 40 கிலோமீட்டர். 2005-ல் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் அறிமுகமானபோது அதன் சுமைத் திறன் 750 கிலோ, அதாவது பத்தே மூட்டை. அந்த அளவுள்ள வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கட்டும். ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் 12 கொடுக்கட்டும். டீக்கடைத் தீர்ப்பில் சின்ன வண்டிக்கே வெற்றி. ஆனால் சின்ன வண்டி நான்கு நடை போக வேண்டும்: 160 கிலோமீட்டர், 8.9 லிட்டர். பிக்கப்புக்கு இரண்டு நடை: 80 கிலோமீட்டர், 6.7 லிட்டர். மைலேஜ் குறைந்த வண்டிதான் டீசலை மிச்சம் பிடிக்கிறது; பாதி நாளையும் மிச்சம் பிடிக்கிறது.

இதையே திருப்பிப் போடலாம். ஆறு மூட்டை மல்லாட்டை, இரண்டு கூடை பூ, பந்தல் சாமான் என்று சில்லறை லோடு மட்டுமே கிடைப்பவருக்குப் பெரிய வண்டி தண்டம். அதே 40 கிலோமீட்டருக்குச் சின்னது 2.2 லிட்டர் குடிக்கும் இடத்தில் பெரியது 3.3 லிட்டர் குடிக்கும். ஆக, எது நல்ல வண்டி என்பது வண்டியில் மட்டும் இல்லை. எவ்வளவு ஏற்றுகிறோம், எத்தனை நடை அடிக்கிறோம், ரிட்டன் லோடு கிடைக்கிறதா என்பதிலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் லாரிகளுக்கு கார்பன் வரம்பு விதித்தபோது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கவில்லை. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு என்றே அளந்தது. நம்மூர் பாஷையில் சொன்னால், மூட்டைக்கு எத்தனை லிட்டர்.

ஒரு கிலோமீட்டர் மைலேஜ் வித்தியாசம் எல்லா வண்டிக்கும் ஒரே மதிப்பு என்று நினைப்பதும் தவறு. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 10-லிருந்து 11-க்கு ஏறினால் 18 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 19-க்கு ஏறினால் மிச்சம் ஆறு லிட்டர்கூட இல்லை. இந்த மயக்கத்தை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாரிக், சோல் இருவரும் 2008-ல் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் பேசியது அங்கே வீட்டு வாசலில் நிற்கும் கார்களைப் பற்றி. ஆனால் ஏற்கனவே நன்றாகக் கொடுக்கும் வண்டியிலிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டரைப் பிழியத் துடிக்கும் நம் வண்டிக்காரருக்கும் அது அப்படியே பொருந்தும்.

அந்தத் துடிப்பில் பிறந்ததுதான் இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம். நடைக்கு இத்தனை லிட்டர் என்று ஓனர் கறாராக அளந்து கொடுத்தால் டிரைவர் வேறென்ன செய்வார்? ஆனால் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவாவது டீசல் வேண்டும். மிச்சம் என்று நினைத்துச் செலவழிப்பதோடு, இன்ஜின் பிடிமானத்தை விட்டுவிட்டு மூன்று டன் எடையையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள்.

இனி வண்டியின் உழைப்புக்கு வருவோம். "கம்ப்ளெய்ண்ட் இல்லாத வண்டி" என்ற சான்றிதழ் இந்த வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கே கிடைக்கிறது. காரணம் புரிகிறது. முதல் தலைமுறை குட்டி யானைக்கு 702 சி.சி., இரண்டு சிலிண்டர் இன்ஜின். சென்சார் தொல்லை இல்லை. ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பிவிடும். பம்ப், நாசில் வேலை என்றால் திண்டிவனமோ விழுப்புரமோ போனால் முடிந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்தது. விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டும். அது எல்லா ஒர்க்ஷாப்பிலும் இல்லை. வண்டி நிற்கிற நாளிலும் டியூ நிற்பதில்லை. இந்தப் புகார் நியாயமானது. பழுது பார்க்கும் ஏற்பாடு ஊருக்கு வருவதற்கு முன்பே பழுதாகிற பொருள் வந்துவிட்டது.

ஆனால் "பி.எஸ். 6 வண்டியே ஆகாது" என்ற தீர்ப்பு அந்தப் புகாரைவிட நீளமானது. பிடித்த கரியை அந்த வடிகட்டி தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு உள்ளே சுமார் 600 டிகிரி சூடு ஏற வேண்டும். ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைத்துவிடும். பால் கேன் எடுத்துக்கொண்டு ஊருக்கு ஊர் நின்று ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டிக்கு, விற்பனைக்கூட வரிசையில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் வண்டிக்கு, அது கிடைக்காது. ஒரே மாடல் வண்டியை ஒருவர் தங்கம் என்பதும் இன்னொருவர் தலைவலி என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மையே. எந்த ஓட்டத்தில் என்பதை மட்டும் இருவரும் சொல்வதில்லை. கேட்பவர் தம் ஓட்டம் எது என்று பார்க்காமல், கடைசியாகப் பேசியவரை நம்பிவிடுகிறார்.

வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிடுவதே மருந்து என்று சிலர் சொல்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பதோடு முடியவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் லோடு இறக்கும் ஆள், அடுத்தவர் ஓட்டுகிறவர்.

வாய்மொழி அனுபவத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. இருபது வருட வண்டி இன்னும் ஓடுகிறது என்றால், அது ஓடுவதால்தான் கண்ணில் படுகிறது. அதே வருடத்தில் வாங்கி, இன்ஜின் இறக்கி, கடனில் மூழ்கி, பழைய இரும்புக்குப் போன வண்டி டீக்கடைக்கு வந்து பேசுவதில்லை.

சரி, தாளில் மூட்டைக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மூட்டைக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்தால், அதிகமாக ஏற்ற ஏற்ற எண் அழகாகிக்கொண்டே போகும். பத்து மூட்டை வண்டியில் பதினெட்டு ஏற்றினால் மூட்டைக்கு டீசல் குறையத்தான் செய்யும். இதற்காகவே ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுகிறார்கள். விலையைக் கிளட்ச் பிளேட்டும் டயரும் ஹவுசிங்கும் பிறகு கேட்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் கேட்கும்: அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

எனவே மூன்றாவது கட்டமும் வேண்டும்: வண்டி நின்ற நாள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 14-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதரை லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 880 ரூபாய்க்கும் கீழே. முகூர்த்த நாளிலோ அறுவடையிலோ ஒரே ஒரு நாள் வண்டி நின்றால் போகும் வாடகை அதைவிடப் பெரிது. மாதம் முழுக்க நியூட்ரலில் விட்டுச் சேர்த்ததை ஒரு கிளட்ச் பிளேட் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும். மைலேஜைப் புள்ளி வைத்து எழுதும் கை, நின்ற நாளை எழுதுவதில்லை. அது மனத்தில் துரதிர்ஷ்டமாகப் பதிகிறது, தாளில் செலவாகப் பதிவதில்லை.

எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத லோடு ஒன்று இருக்கிறது. அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குக் குடும்பம் குடும்பமாக லோடு வண்டியில் வந்து இறங்குவதை மேல்மலையனூர் பார்த்துப் பழகியிருக்கிறது. தலைக்கு எத்தனை டீசல் என்று கணக்குப் போட்டால் அதைவிட மலிவான சவாரி கிடையாது. ஆனால் சரக்கு வண்டியில் ஏறிய பயணிகளுக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த விபத்தும் வண்டிக்காரரின் வீட்டையே விலையாகக் கேட்கலாம். அந்த ஓர் இரவைக் கணக்குக்குள் கொண்டுவராமல் தள்ளிவைப்பதே உத்தமம்.

டேங்க் ஃபுல் கணக்கை விட்டுவிடச் சொல்வதற்கில்லை. அளந்து ஊற்றியதை மட்டும் நம்புகிற புத்தி அதில் இருக்கிறது. அந்தப் புத்தியை லோடுக்கும் நின்ற நாளுக்கும் நீட்டினால் போதும். ஆறு மாதம் அப்படி எழுதிய தாள் எந்த ஷோரூம் நோட்டீஸைவிடவும் எந்த டீக்கடைத் தீர்ப்பைவிடவும் பெறுமானமுள்ளது. அதுவரை, "பதினாலு குடுக்குது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் ஒன்று மட்டும் திருப்பிக் கேட்கலாம்: "எத்தனை மூட்டையோட, அண்ணே?"