காணாமற்போனோர், இடம்பெயர்ந்தோர்: யார் செய்தது?

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் ‘காணாமற்போனோர்’ என்ற சொல்லை ஏற்கவில்லை. ‘காணாமலாக்கப்பட்டோர்’ என்றே சொன்னார்கள். பிள்ளை தானாகப் போகேல்ல, ஒப்படைச்சனாங்கள் என்பது அவர்களுடைய வாதம். இதை வெறும் சொற்சண்டை என்று நம்மவர்களும் சிலர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஜெயபுரத்தில் ஒரு தாய் முறைப்பாடு எழுத உட்கார்ந்தால், எந்தச் சொல்லைப் போடுகிறாள் என்பதிலேதான் அவள் தட்டவேண்டிய கதவும் இருக்கிறது.

‘போன’ என்றால் செய்தவன் இல்லை. ‘ஆக்கப்பட்ட’ என்றால் ஒருவன் செய்திருக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அமைத்தது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அது தேடும், விசாரிக்கும். அதன் கண்டறிதல்களால் எவருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வேறு. அங்கே வலிந்து காணாமலாக்குதல் ஒரு குற்றம், நீதிமன்றம் தண்டிக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொதுச் சொல்லுக்கும் ஒரு நன்மை உண்டு. போரில் தொலைந்த படையினனும், புலிகள் கடத்திய முஸ்லிமும் அதற்குள் அடங்குகிறார்கள். கிழக்கில் வாப்பாவைத் தேடுகிற பிள்ளைக்கும் அந்த அலுவலகத்தில் இடமுண்டு. சொல் விரிந்திருப்பது பிழையில்லை. விரிந்த சொல்லைக் காட்டிக் குற்றத்தின் பெயரை மறைப்பதுதான் பிழை.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். ஜெயபுரம் இருக்கிற பூநகரிப் பிரிவிலேயே, கடற்கரையில் நாச்சிக்குடா இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அரச கடிதங்களிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் அவர்கள் ‘இடம்பெயர்ந்தோர்’ ஆனார்கள். என்னமோ மழைக்கு ஒதுங்கப் போன மாதிரி! 2009க்குப் பிறகு ‘பழைய’, ‘புதிய’ என்று இன்னொரு பிரிப்பு வந்தது. 2008 ஏப்ரலுக்கு முந்தியவர்கள் பழையவர்கள்; மீள்குடியேற்ற உதவியில் வரிசையின் பின்னுக்குப் போனார்கள். ‘வெளியேற்றப்பட்டோர்’ என்று பதிந்திருந்தால், எப்போது போனாய் என்பதோடு யார் போகச் சொன்னது என்றும் கேட்டிருக்கவேண்டி வந்திருக்கும்.

நம் எழுத்தாளர்கள் இதை ‘அடிப்படை உரிமை மீறல்’ என்று எழுதுவதுண்டு. விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை யாப்பின் 14ஆம் உறுப்புரையில் இருப்பது உண்மை. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், மீறியது நிறைவேற்றுத்துறை அல்லது நிர்வாகத்துறை நடவடிக்கையாக இருக்கவேண்டும். மனுவும் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். புலிகளுக்கு எதிராக அந்தக் கதவு திறக்காது. காக்கத் தவறிய அரசுக்கு எதிராகத் திறந்திருக்கலாம். ஆனால் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவனுக்கு ஒரு மாதக் கணக்கை யார் சொல்லிக்கொடுத்தது?

‘வெளியேற்றம்’ என்று சொல்லாத தமிழ்க் கட்டுரைகளைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். அதே பேனாவால் ஜெயபுரத்து மகனை ‘காணாமற்போனவர்’ என்று எழுதுகிறோமே, அதை என்னவென்று சொல்வது? 2018ஆம் ஆண்டுச் சட்டம் அரச ஆளை மட்டும் குறிவைக்கவில்லை. அரசோடு தொடர்பில்லாத எவனும் ஒருவரைக் கடத்தி, அவர் கதியை மறைத்தால் அதுவும் குற்றம் என்கிறது அதன் 3ஆம் பிரிவு.