மலேசியா வாசுதேவன்: லாஸ்லெஸில் ஒரு மறுவிசாரணை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். மலேசியா வாசுதேவன் எனக்குப் பழக்கமானது அந்த ரோட்டில் ஓடிய பஸ்களில்தான். டிரைவர் தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், தேய்ந்த கேசட், எதிரே சிமென்ட் லாரிகள். எஞ்சின் சத்தத்தை மீறி எட்டியது அவர் குரல்தான். அதனாலேயே ரொம்ப வருஷம் அவரை "சத்தமாப் பாடுறவர்" என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

போன மாதம் கையிலிருந்த பழைய சிடிகளை ஃபிளாக் கோப்புகளாக மாற்றினேன். அதில் அவருடைய ஹிட்ஸ் தொகுப்பும் ஒன்று. ஹெட்போனில் கேட்டபோதுதான் என் கணக்கு தப்பு என்று தெரிந்தது.

லாஸ்லெஸ் என்றால் பெரிய மந்திரம் இல்லை. சிடியில் ஒரு நொடி இசைக்கு 1411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3யில் இருப்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை, காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னச் சத்தம்தான் முதலில் அடிபடும். ஃபிளாக் எதையும் கழிக்காது. ஜிப் ஃபைல் மாதிரி மடித்து வைக்கும், பிரித்தால் ஒரு பிட் குறையாமல் திரும்ப வரும்.

வாசுதேவனிடம் விஷயமே அந்தச் சின்னச் சத்தத்தில்தான் இருக்கிறது. 'முதல் மரியாதை'யில் (1985) சிவாஜிக்காகப் பாடிய 'பூங்காற்று திரும்புமா'வைக் கேளுங்கள். வரி முடிகிற இடத்தில் குரலை வெட்டுவதில்லை, மூச்சாகக் கரைய விடுகிறார். அழுகையைப் பாடவில்லை, அடக்குவதைப் பாடுகிறார். பஸ்ஸில் அந்த மூச்சு என் காதுக்கு வந்ததே இல்லை.

சரி, அது மெல்லிய பாட்டு என்பீர்கள். 'முரட்டுக்காளை'யின் (1980) 'பொதுவாக என் மனசு தங்கம்'? அங்கேயும் கத்துவதாக நான் நினைத்த இடங்களில் அவர் கத்தவில்லை. வல்லின எழுத்துகளை அழுத்தி, அத்தனை தாளக் கருவிகளுக்கும் மேலே குரலை நிறுத்துகிறார். கத்தினது ஸ்பீக்கர், பழி விழுந்தது பாடகர் மேல்.

இங்கிலாந்தின் ராக் பாடகர் ஜோ காக்கர் பிறந்தது 1944 மே மாதம். வாசுதேவன் அதே வருஷம் ஜூன். இரண்டு பேர் குரலிலும் ஒரு கரகரப்பு. காக்கருடையதை உலகம் 'சோல்' என்றது. நம்ம ஆளுடையதை நாம் 'கிராமத்துக் குரல்' என்று சொல்லி முடித்துக்கொண்டோம்.

குறையும் சொல்லணும். லாஸ்லெஸ் மூலத்தை மேம்படுத்தாது. என் தொகுப்பில் சில பாட்டுகளில் டேப் இரைச்சல் தெளிவாகவே இருக்கிறது. ஃபிளாக் அதையும் விசுவாசமாகக் காப்பாற்றுகிறது. எம்பி3யை ஃபிளாக்காக மாற்றிச் சுற்றுக்கு விடுவதும் நடக்கிறது. ஸ்பெக்ட்ரோகிராமில் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் நறுக்கின மாதிரி நேர்கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

2011இல் அவர் போய்விட்டார். ஒரு ஓட்டை ஸ்பீக்கர் சொன்ன சாட்சியை வைத்து நான் எழுதின தீர்ப்பை இப்போது திருத்துகிறேன், தாமதமாக. இனி அரியலூர் பஸ்ஸில் அவர் பாட்டு ஓடினால், அந்த மூச்சு எனக்குக் கேட்கும். அது எந்த இடத்தில் இருக்கிறதென்று இப்போ தெரியுமே.