முதலில் வந்தவரும் ஜெயித்தவரும்

1949 ஜூன் 19. அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லோட் நகரத்துப் பக்கம் ஒரு மண் தடம். கார் பந்தயம் முடிகிறது. கோட்டை முதலில் தாண்டியவர் கிளென் டன்னவே. ஆனால் ஜெயித்தவர் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கும் பெயர் ஜிம் ரோப்பர். பந்தயத்துக்குப் பிறகு காரைச் சோதித்துப் பார்த்தபோது, டன்னவே ஓட்டிய ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்துபோனது. அது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட கார். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தொங்கக் கூடாது, போலீஸ் துரத்தும்போது வளைவில் ஆடக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. கார் முதலாளி நீதிமன்றம் வரை போனார். வழக்கு தள்ளுபடி ஆனது.

நாஸ்கார் என்கிற அமைப்பு நடத்தும் முதன்மைத் தொடரின் முதல் பந்தயமே இதுதான். ‘ஸ்டாக் கார்’ என்றால் கடையில் இருப்பில் கிடைக்கிற கார். வாங்கினபடியே, எதையும் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. ஆக, இந்த விளையாட்டின் முதல் நாளிலேயே வெற்றியாளரை முடிவு செய்தது விதிப்புத்தகம்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, பந்தய ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை என்னால் முழுசாக நம்ப முடிவதில்லை: “அந்தக் காலத்துல எல்லாம் நேர்மையா இருந்துச்சு, ரூல்ஸை மாத்தி மாத்திக் கெடுத்துட்டாங்க.” அமெரிக்க ஸ்டாக் கார் ரசிகர்கள் இதைச் சொல்கிறார்கள். ஃபார்முலா 1 ரசிகர்கள் சொல்கிறார்கள். கம்போங் ராஜா ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டு நம்ம ஆட்களும் சொல்கிறார்கள். இந்த வாக்கியத்தைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். விளையாட்டுப் பேச்சுக்கு இலக்கிய இதழில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பந்தய முடிவும் ஒரு பிரதிதான். அதை எப்படி வாசிக்கிறோம் என்பதில் நம்மைப் பற்றியும் நிறைய தெரிந்துவிடுகிறது.

முதலில், விதி ஏன் மாறுகிறது? 1987-இல் அலபாமாவின் டாலடேகா தடத்தில் தகுதிச் சுற்றின் வேகம் மணிக்கு 342 கிலோமீட்டரைத் தொட்டது. அதே பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்துப் பறந்து, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த வேலியைக் கிழித்தது. 1988 முதல் டாலடேகாவிலும் டேடோனாவிலும் ஒரு தகடு கட்டாயமானது. நாலு ஓட்டை போட்ட சாதாரண உலோகத் தகடு. கார்புரேட்டருக்குக் கீழே அதை வைத்தால் எஞ்சினுக்குள் போகும் காற்று குறையும். காற்று குறைந்தால் எரியும் பெட்ரோல் குறையும், சக்தி குறையும். பொறியியல் படித்தவன் என்கிற முறையில் இந்தத் தீர்வின் எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. எல்லாக் காருக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டதால் யாராலும் யாரையும் விட்டு விலகி ஓட முடியவில்லை. முப்பது நாற்பது கார் ஒரே கொத்தாக ஓடின. ஒருவர் தடுமாறினால் பின்னால் வரும் பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து மோதினார்கள். ஒரு ஆபத்தை அடைத்த விதி இன்னொரு ஆபத்தைத் திறந்துவிட்டது. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்ளும் கருவி அந்த வருடம் அக்டோபரில்தான் நாஸ்காரில் கட்டாயமானது.

உயிரைக் காப்பாற்ற வந்த விதியை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. சண்டை வருவது புள்ளிக் கணக்கில். 2003-இல் மேட் கென்செத் வருடம் முழுக்க ஒரே ஒரு பந்தயம் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். அதே வருடம் எட்டுப் பந்தயம் ஜெயித்த ரயன் நியூமனுக்குப் பட்டம் இல்லை. அடுத்த வருடமே முறை மாறியது. கடைசி பத்துப் பந்தயத்தில், முன்னணியில் இருக்கிறவர்களுக்குள் மட்டும் பட்டப் போட்டி. 2014-இல் அதையும் தாண்டி, நாலு பேர் மட்டும் கடைசிப் பந்தயத்துக்குப் போய், அன்றைக்கு யார் முன்னால் வருகிறாரோ அவரே சாம்பியன் என்றார்கள். பழைய ரசிகர்களுக்குக் கோபம். வருடம் முழுக்க உழைத்தவனை ஒருநாள் அதிர்ஷ்டம் தோற்கடிக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்பிருந்த முறை ‘இயற்கையானது’ என்று அவர்கள் நினைப்பதுதான் தவறு. ஒரு வெற்றிக்கு எத்தனை புள்ளி, நிலையான ஓட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தார். நாம் ரசிகராகச் சேர்ந்தபோது எந்த விதி இருந்ததோ அதையே உண்மையான விதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த முதல் பந்தயத்திலேயே 13-ஆவது இடம். அந்த வருடம் 25 பந்தயத்தில் ஒன்பதில்தான் ஓட்டினார். ஆனாலும் வருட முடிவில், ரசிகர் வாக்கில் அந்தத் தொடரின் ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருது அவருக்கே கிடைத்தது. ஒன்பது பந்தயம் ஓட்டியவருக்கு எப்படி இந்த விருது என்று கேட்கலாம். வாக்கு ரசிகருடையது என்று விதி சொன்னது, ரசிகர்கள் வாக்களித்தார்கள், அவ்வளவுதான் பதில்.

இந்த விருதைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் குறைவு. நரேன் என்றாலே வருவது இரண்டு சம்பவங்கள். ஒன்று 2005 இண்டியானாபோலிஸ், இன்னொன்று 2012 செப்பாங். ஒட்டுக்கடையிலும் இரண்டு கட்சி உண்டு. “ஃபார்முலா ஒன்ல நாலாவது வந்த நம்மாளுடா” என்பது ஒரு கட்சி. “ஓடுனதே ஆறு காரு, அதுல நாலாவது ஒரு சாதனையா?” என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் விதிப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

2005-இல் ஃபார்முலா 1-இல் ஒரு புது விதி: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர். நடுவில் மாற்றக் கூடாது. இண்டியானாபோலிஸின் கடைசி வளைவு, ஸ்டாக் கார்கள் ஓடும் அதே சரிந்த வளைவு. அங்கே டயரின் பக்கச் சுவருக்கு வரும் அழுத்தம் சாதாரணத் தடத்தில் வருவதைவிட அதிகம். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் அங்கேயே போனது. தங்கள் டயர் பந்தயம் முழுக்கத் தாங்காது என்று மிஷலின் நிறுவனம் சொன்னது. வளைவுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று அணிகள் கேட்டன. உலக அமைப்பு மறுத்தது. மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் அறிமுகச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார் மட்டும் ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஜோர்டான் ஓட்டிய நரேன் நாலாவது வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஃபார்முலா 1-இல் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அடுத்த வருடமே அந்த டயர் விதியைத் தூக்கிவிட்டார்கள்.

ஆறு காரில் நாலாவது என்பது உண்மை. ஆனால் அன்றைய விதிக்குள் பாதுகாப்பாக ஓடக்கூடிய டயர் யாரிடம் இருந்தது என்பதும் போட்டியின் பகுதிதான். டன்னவேயின் ஸ்பிரிங் தவறு என்றால் ரோப்பரின் வெற்றி செல்லும். அதே தர்க்கத்தில் நரேனின் ஐந்து புள்ளியும் செல்லும். அதைப் பெருமையாக ஊதிக் காட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம்.

செப்பாங் நமக்கு இன்னும் பக்கம். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 அங்கே நடந்தது. 2012 மார்ச்சில் நரேன் ஓட்டிய எச்ஆர்டி அணிதான் களத்தில் மிக மெதுவானது. அதற்கு முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் 107 சதவீத விதியில் தகுதியே பெறவில்லை. முதல் தகுதிச் சுற்றின் வேகமான நேரத்தைவிட ஏழு சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் பந்தயத்தில் இடமில்லை என்பது அந்த விதி. நம்ம மலேசியாவின் அலெக்ஸ் யூங்கும் 2002-இல் இதே விதியால் மூன்று முறை வெளியே நின்றவர். செப்பாங்கில் நரேன் தகுதி பெற்றார். கன மழைக்கான டயரில் தொடங்கினார். மழை கொட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாவது இடத்தில் இருந்தார். பிறகு பட்டனின் கார் அவர் காரில் மோதியது. கடைசியில் வெட்டலோடு ஒரு உரசல், வெட்டலின் டயர் கிழிந்தது. வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று திட்டினார். நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனை கொடுத்தார்கள். திட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பத்தாவது இடம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதுவரை விதிப்புத்தகத்தின் பக்கம் நின்று பேசினேன். அதை மட்டும் நம்பினாலும் போதாது. 1963 டிசம்பர் 1, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் மற்றவர்களைவிட இரண்டு சுற்று முன்னால் ஓடி முடித்தார். கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பரிசு வெள்ளையரான பக் பேக்கருக்குப் போனது. பிறகுதான் எண்ணிக்கையில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்காட் 1990-இல் இறந்தார். நாஸ்கார் அந்தக் கோப்பையை அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021-இல். அன்றைக்கு எழுதியிருந்த விதியில் எந்தக் குறையும் இல்லை. முதலில் முடித்தவருக்கே வெற்றி என்றுதான் இருந்தது. சுற்றை எண்ணியவர்களின் கையில்தான் எல்லாமே இருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறித்த கை ஒன்று, நிறுத்த கை இன்னொன்று. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் கிராணி எடை எழுதுவார். கழிவுக்கும் ஒரு விதி இருந்தது. அந்த விதியைக் கேள்வி கேட்கும் இடத்தில் பறித்தவர்கள் இல்லை. நம் பாட்டிமார் ஒரு நாளில் பறித்தது எவ்வளவு என்று இன்றைக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால், அது கழிவு போக மிச்சம் மட்டும்தான்.

அதனால் என் வாதம் இது. ஒரு முடிவைச் சொல்லும்போது அன்றைய விதி என்ன, அதை எண்ணியவர் யார் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி மூன்றாவது வந்தபோதும் இதே கூத்து நடந்தது. பாதிப் பேர் பந்தயத்திலேயே மூன்றாம் இடம் என்று கொண்டாடினார்கள், மீதிப் பேர் கிண்டல் செய்தார்கள். அது 992 என்ற பிரிவில் மூன்றாம் இடம். ‘பிரிவில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் சாதனையும் குறையாது, பொய்யும் இருக்காது.

நாம் சிறுபான்மைச் சமூகம். நம்மாள் ஒருவர் எங்காவது ஏறினால் அவரைத் தெய்வமாக்கவும், சறுக்கினால் அவரைக் கேலி செய்து தப்பிக்கவும் நமக்கு அவசரம். இரண்டிலும் அந்த மனிதர் செய்த வேலை காணாமல் போகிறது. இங்கே மலை ஏறும் பழைய லேண்ட்ரோவர்களைப் பாருங்கள். பாதிப் பாகம் மாற்றியது. எது பழசு, எது புதுசு என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டுகிறார். நம்ம விளையாட்டு வரலாற்றையும் அப்படித் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

நரேனின் அந்தப் பந்தயத்தை ஒரு சின்னப் பையனிடம் நான் இப்படித்தான் சொல்வேன். டயர் மாற்றக் கூடாது என்று விதி இருந்த வருடம். பதினாலு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள், ஆறு பேர் ஓடினார்கள். அவர் நாலாவதாக வந்தார், ஐந்து புள்ளி. நாள், 2005 ஜூன் 19. டன்னவே கோட்டைத் தாண்டி 56 வருடம் ஆன அதே நாள்.